கொடிவழியும் கணிப்பொறியும்

தமிழர் பெயரின் முன்னே நிற்கும் எழுத்து தந்தையைச் சுட்டுவது. 'மு. கந்தசாமி' என்றால் முருகையாவின் மகன் கந்தசாமி என்று கொள்ளலாம். வழிவழியாக வரும் குடும்பப் பெயர் ஒன்றை நம்மவருள் பெரும்பாலோர் வைத்துக்கொண்டதில்லை. தமக்கு ஒருபடி மேலே உள்ளவரை மட்டுமே ஒவ்வொருவரும் தம் பெயரோடு சுமந்து செல்கின்றனர். ஊரில் வாழ்ந்த வரையில் அந்த எழுத்தே போதுமானதாக இருந்தது. இன்னார் மகன், இன்னார் பேரன், இன்ன தெருவினர் என்று எடுத்துச் சொல்லத் திண்ணைதோறும் பெரியவர்கள் இருந்தனர்.

ஊரை விட்டு வந்த பின்னர் நிலைமை வேறாயிற்று. மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் பள்ளிப் படிவங்களில் குடும்பப் பெயருக்கென்று ஒரு கட்டம் இருக்கின்றது. அதனை வெறுமையாக விட்டால் எழுத்தர் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். ஆகவே தந்தையின் பெயரை அங்கே எழுதுகின்றோம். விளைவு யாது? அண்ணன் பிள்ளைகளுக்குக் கந்தசாமி என்பது குடும்பப் பெயராகவும், தம்பி பிள்ளைகளுக்கு இராமசாமி என்பது குடும்பப் பெயராகவும் அமைந்துவிடுகின்றன. அடுத்த தலைமுறையில் அவையும் மாறிவிடுகின்றன. ஒரே பாட்டனாரின் வழிவந்தோர் காகிதத்தில் ஒருவருக்கொருவர் அந்நியராகி விடுகின்றனர். நாகபுரியில் ஒரு கிளை, கரக்பூரில் ஒரு கிளை என்று பிரிந்துபோன குடும்பத்தின் பிள்ளைகள் இருவர், ஒரே கல்லூரியில் பயின்றும் தாம் பங்காளிகள் என்பதை அறியாதிருத்தல் கூடும்.

இதற்குச் செய்யத்தக்கது ஒன்று உண்டு. குடும்பந்தோறும் கொடிவழிப் பேரேடு ஒன்று எழுதப்பெறல் வேண்டும். எழுதிய பேரேட்டைக் கணிப்பொறி வாயிலாக மரமாக விரித்துக் காண்பது கடினமான காரியமன்று. பள்ளியில் பைத்தான் என்னும் நிரல்மொழி பயிலும் பதினோராம் வகுப்புப் பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்து முடிக்கத்தக்க வேலைதான் அது. ஆனால் அதற்கு வேண்டிய செய்திகள் பிள்ளைகளிடம் இல்லை. முதியோரின் நினைவில் இருக்கின்றன.

தலைகீழாக நிற்கும் மரம்

கணிப்பொறியாளர் 'மரம்' என்று வழங்குவது வேர் மேலாகவும் இலை கீழாகவும் வரையப்படுவது. இச்சொல்லைக் கணிதத்தில் இப்பொருளில் ஆண்டவர் ஆங்கிலக் கணித அறிஞர் ஆர்தர் கேலி, ஆண்டு 1857. பின்னர் கணிப்பொறித் துறை இதனை எடுத்துக்கொண்டது. 1968-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் பெருநூலின் முதற்பாகத்தில் தொனால்டு கனூத் என்னும் அமெரிக்கப் பேராசிரியர், மரத்தின் உறுப்புகளைத் தந்தை, மகன், சகோதரன் என்று உறவுமுறைச் சொற்களாலேயே குறித்தார். பிற்பதிப்பில் அவை பெற்றோர், பிள்ளை, உடன்பிறப்பு என்று மாறின. குடும்பத்தினின்று கணிப்பொறி கடன் வாங்கிய முறையைத்தான் நாம் இப்போது குடும்பத்துக்கே திருப்பிக் கொணர்கின்றோம்.

இம்மரத்தின் விதி எளியது. வேர் ஒன்றே. வேர் ஒழிந்த ஒவ்வொரு கணுவுக்கும் மேலே ஒரே ஒரு கணுதான் உண்டு. கீழே எத்தனை கணுக்களும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆகவே 100 கணுக்கள் உள்ள மரத்தில் இணைப்புகள் சரியாக 99 இருக்கும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் அது மரமாகாது.

இவ்வமைப்பு நமக்குப் புதியதன்று. ஊருக்குக் கடிதம் எழுதுகையில் இடும் அஞ்சல் குறியீட்டு எண்ணை நோக்குக. 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று நடைமுறைக்கு வந்த இந்த ஆறிலக்க எண்ணில், முதல் இலக்கம் பெருமண்டலத்தையும், இரண்டாவது அதன் உட்பிரிவையும், மூன்றாவது கடிதம் பிரிக்கப்படும் மாவட்டத்தையும், இறுதி மூன்றும் அஞ்சலகத்தையும் காட்டும். 625001 என்று எழுதினால், 6 என்னும் கிளையில் இறங்கி, 62, 625 என்று நடந்து, மதுரைத் தலைமை அஞ்சலகம் என்னும் இலையை அடைகின்றோம். இரயில்வேயிலும் வாரியம், மண்டலம், கோட்டம், நிலையம் என்று இதே ஒழுங்கு இருப்பதைக் காணலாம்.

பேரேட்டில் எழுதவேண்டியவை

மரத்தைப் படமாக வரைந்து தொடங்குவது பெருந்தவறு. இரண்டு தலைமுறைக்குள் தாள் போதாமற் போகும். இடையில் ஒரு பெரியப்பா நினைவுக்கு வந்தால் முழுவதையும் அழித்து எழுத நேரும். மரத்தை எழுதலாகாது, மரத்தைக் கட்டுதற்கு வேண்டிய வரிகளையே எழுதுதல் வேண்டும். ஒருவருக்கு ஒரு வரி. அவ்வரியில் அவருடைய எண், பெயர், ஆணா பெண்ணா என்பது, தந்தையின் எண், தாயின் எண். இவ்வளவே இன்றியமையாதவை.

பெயர் இருக்க எண் எதற்கு என்று கேட்கலாம். பேரன் என்ற சொல்லே அதற்கு விடை கூறும். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் பெயரன், அதுவே பேரனாயிற்று. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் நல்வழக்கத்தால், ஒரே பெயர் ஒன்றுவிட்டு ஒரு தலைமுறையில் திரும்பத் திரும்ப வருகின்றது. எடுத்துக்காட்டுக்காக நாம் கற்பித்த ஒரு குடும்பத்தின் பேரேட்டைக் கீழே தருகின்றோம். அறியாதது 0 என்று இடப்பட்டுள்ளது.

1. முருகையா, ஆண், தந்தை 0, தாய் 0
2. கந்தசாமி, ஆண், தந்தை 1, தாய் 0
3. இராமசாமி, ஆண், தந்தை 1, தாய் 0
4. மீனாட்சி, பெண், தந்தை 1, தாய் 0
5. முருகையா, ஆண்; தந்தை 2; தாய் 0
6. முருகையா, ஆண், தந்தை 3, தாய் 0
7. வள்ளி, பெண்; தந்தை 9; தாய் 4
8. கந்தசாமி, ஆண், தந்தை 5, தாய் 7
9. சண்முகம், ஆண், தந்தை 0, தாய் 0

ஒன்பதே பேர் கொண்ட இச்சிறு குடும்பத்தில் முருகையாக்கள் மூவர். அது மட்டுமன்று. 2-ஆம் எண்ணுக்குரியவரும் மு. கந்தசாமி; அவருடைய பேரனாகிய 8-ஆம் எண்ணுக்குரியவரும் மு. கந்தசாமி. முதலெழுத்தும் ஒன்று, பெயரும் ஒன்று. பெயரை நம்பினால் பாட்டனையும் பேரனையும் ஒருவரெனக் கொள்ள நேரும். எண்ணை நம்பினால் அக்குழப்பம் இல்லை. ஒருவருக்கு இட்ட எண்ணை மற்றொருவருக்கு ஒருபோதும் இடலாகாது. ஒருவர் காலமானாலும் அவர் எண் அவருக்கே உரியது.

மரம் கட்டும் விதம்

இவ்வரிகளைக் கொண்டு கணிப்பொறி மரத்தைக் கட்டுவது எவ்வாறு? முதலில் தோன்றும் வழி இது: முருகையாவுக்குப் பிள்ளைகள் யார் என்று பேரேடு முழுவதையும் தேடு, பின்னர்க் கந்தசாமிக்குப் பிள்ளைகள் யார் என்று மீண்டும் முழுவதையும் தேடு. 1,000 பேர் உள்ள பேரேட்டில் இவ்வாறு தேடினால், ஆயிரம் வரிகளை ஆயிரம் முறை, அதாவது 10 இலட்சம் முறை வரிகளைப் பார்க்கவேண்டி வரும்.

அஞ்சலகத்தில் கடிதம் பிரிப்பவர் அவ்வாறு செய்வதில்லை. ஊருக்கொரு புறாக்கூண்டு போன்ற அறையை வைத்துக்கொண்டு, கடிதத்தைக் கையில் எடுத்தவுடன் உரிய அறையில் இடுகிறார். கணிப்பொறியிலும் அதனையே செய்தல் வேண்டும். வேலை இரண்டு சுற்றுகளில் முடியும்.

முதற்சுற்றில், ஒவ்வொரு வரிக்கும் ஒரு பெட்டி செய்க. பெட்டியில் அவர் பெயரை எழுதி, 'பிள்ளைகள்' என்று தலைப்பிட்ட வெறும் பட்டியல் ஒன்றையும் வைத்து, அவருடைய எண்ணுக்குரிய அறையில் இடுக. இச்சுற்றில் எவரையும் எவரோடும் சேர்க்கவேண்டா.

இரண்டாம் சுற்றில், மீண்டும் முதல் வரியிலிருந்து வருக. தந்தை எண் 0 என்றிருந்தால் அவரை 'வேர்கள்' என்னும் தனிப் பட்டியலில் சேர்க்க. வேறு எண் இருந்தால், அந்த எண்ணுக்குரிய அறைக்குச் சென்று, அங்குள்ள பெட்டியின் பிள்ளைகள் பட்டியலில் இவரைச் சேர்க்க. கடைசி வரி முடிந்ததும் மரம் எழுந்து நிற்கும். 1,000 பேருக்கு 2,000 முறை வரிகளைத் தொட்டால் போதும். எண்ணைச் சொன்னவுடன் அறையைத் திறந்து காட்டும் வசதி பைத்தான் மொழியில் 'அகராதி' என்ற பெயரில் ஆயத்தமாக உள்ளது.

சுற்று இரண்டாக இருத்தல் ஏன்? பேரேட்டில் 7-ஆம் வரியை நோக்குக. வள்ளியின் தந்தை எண் 9. ஆனால் 9-ஆம் வரி அதன் பின்னரே வருகின்றது. ஒரே சுற்றில் கட்ட முயன்றால், தந்தையின் பெட்டி பிறக்குமுன் மகளைச் சேர்க்கவேண்டிய இக்கட்டு நேரும். பெட்டிகள் அனைத்தையும் முதலிலேயே செய்துவிட்டால் வரிகள் எந்த முறையில் இருந்தாலும் கவலை இல்லை. இது முதியோரிடம் கேட்டு எழுதுவோர்க்குப் பெரிய வசதி. பாட்டியாரின் நினைவு தலைமுறை வரிசையில் வருவதன்று. ஒரு திருமணத்தைச் சொல்லிக்கொண்டே வந்து, நடுவில் ஒரு கொள்ளுத்தாத்தாவைச் சொல்வார். அவர் சொல்லும் முறையிலேயே எழுதிக்கொண்டு போகலாம். ஒழுங்குபடுத்துவது பொறியின் பாடு.

கட்டிய மரத்தை அச்சிடும் கட்டளையும் மிகச் சிறியது. 'இவர் பெயரை எழுது. பின்னர் இவருடைய பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும், ஒருபடி உள்ளே தள்ளி, இதே வேலையைச் செய்' என்பதே அது. கட்டளை தன்னையே அழைத்துக்கொள்கின்றது. பிள்ளை இல்லாதவரை அடைந்ததும் திரும்பிவிடுகின்றது. நம் பேரேடு அச்சாகி வருவது இவ்வாறு:

1 முருகையா
— 2 கந்தசாமி
— — 5 முருகையா
— — — 8 கந்தசாமி
— 3 இராமசாமி
— — 6 முருகையா
— 4 மீனாட்சி
9 சண்முகம்
— 7 வள்ளி

வேர்கள் இரண்டு வந்திருப்பது பிழையன்று. சண்முகம் மீனாட்சியின் கணவர், வேறு குடும்பத்தவர், அவருடைய தந்தையை இப்பேரேடு அறியாது. பல மரங்கள் சேர்ந்து நிற்பின் அது தோப்பு. பெண் கொண்டும் கொடுத்தும் வாழும் எந்தக் குடும்பத்தின் பேரேடும் தோப்பாகவே இருக்கும்.

கணக்குச் சரிபார்த்தல்

இரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதிப் பழகிய நமக்கு, கூட்டுத் தொகை ஒத்துவருகின்றதா என்று பாராமல் ஏட்டை மூடும் வழக்கம் இல்லை. இங்கும் அவ்வாறே. அச்சான பெயர்களை எண்ணுக; பேரேட்டு வரிகளை எண்ணுக. மேலே இரண்டும் 9.

இப்போது, எழுதியவர் சற்றே தடுமாறினார் என்று வைத்துக்கொள்வோம். 2-ஆம் எண்ணுக்குரிய கந்தசாமியின் தந்தை முருகையா என்று கேட்டு, 1 என்று எழுதுவதற்குப் பதிலாக, மற்றொரு முருகையாவின் எண்ணாகிய 5 என்று எழுதிவிட்டார். கந்தசாமிக்குத் தந்தை முருகையா. அதே முருகையாவுக்குத் தந்தை அதே கந்தசாமி. செக்குமாடு போன்ற வட்டம். அச்சிட்டுப் பார்த்தால் கணிப்பொறி யாதொரு கூச்சலும் இடாது. வேரிலிருந்து இவ்வட்டத்துக்கு வழியே இல்லாமையால் 2, 5, 8 ஆகிய மூவரும் ஓசையின்றி மறைந்துபோவர். அச்சில் 6 பெயர்களே இருக்கும். எண்ணிப் பார்த்தவர்க்கே பிழை புலப்படும்.

மாறாக, 8-ஆம் எண்ணிலிருந்து மேல்நோக்கி முன்னோரைத் தேடிச் சென்றால், 5, 2, 5, 2 என்று முடிவின்றிச் சுற்றவேண்டி வரும். தன்னையே அழைக்கும் கட்டளை சுமார் 1,000 படி ஆழம் சென்றதும் பைத்தான் வழக்கமாகத் தானே நிறுத்தி முறையிடும். தலைமுறைக்கு 25 ஆண்டு என்றால் ஆயிரம் தலைமுறைக்கு 25,000 ஆண்டுகள் ஆகின்றன. அத்தனை பழைமையை எவர் குடும்பமும் எழுதிவைத்திருக்க முடியாதாகையால், அம்முறையீட்டுக்கு வட்டப் பிழை என்றே பொருள் கொள்ளலாம்.

மற்றொரு வகைக் குறையும் உண்டு. தந்தை எண் 15 என்று எழுதியிருக்கும். பேரேட்டிலோ 15-ஆம் வரி இராது. அவ்வரியைத் தள்ளிவிடலாகாது. 'விசாரிக்க வேண்டியோர்' என்று ஒரு பட்டியலில் ஒதுக்கிவைத்தல் வேண்டும். அடுத்த முறை ஊருக்குச் செல்லுகையில் கேட்க வேண்டிய கேள்விகள் அப்பட்டியலாகவே அமைந்துவிடும்.

ஒரே எண்ணை மாற்றினால் போதும்

தலைமுறை எண்ணையோ, 'முதல் கிளையின் இரண்டாம் கிளை' என்ற வழியையோ வரியில் எழுதிவைக்கலாமே என்று சிலர் நினைக்கக்கூடும். வேண்டா. கணக்கிட்டு அறியத்தக்கது எதனையும் பேரேட்டில் எழுதலாகாது என்பது நல்ல விதி.

2007-ஆம் ஆண்டில் தெற்கு இரயில்வேயில் சேலம் கோட்டம் புதிதாக அமைக்கப்பட்டபோது, பாலக்காட்டுக் கோட்டத்தில் இருந்த கோயம்புத்தூர் சந்திப்பு சேலத்தின் கீழ் வந்தது. நிலையம் எங்கும் பெயர்ந்துவிடவில்லை. அது எந்தக் கோட்டத்தின் கீழ் என்னும் குறிப்பு ஒன்றே மாறிற்று. கொடிவழியிலும் இது நேரும். வேர் என்று எண்ணியிருந்த முருகையாவுக்குத் தந்தை பெயர் பழைய பத்திரம் ஒன்றிலிருந்து தெரியவருகின்றது என்று கொள்வோம். அவருக்கு 10 என்று புது வரி எழுதி, 1-ஆம் வரியில் தந்தை எண்ணை 0 என்பதிலிருந்து 10 என்று மாற்றினால் வேலை முடிந்தது. முருகையாவின் வழிவந்தோர் அனைவரும் தாமே ஒருபடி இறங்கிவிடுவர். தலைமுறை எண்ணை எழுதி வைத்திருந்தாலோ, ஒவ்வொரு வரியையும் திருத்த நேர்ந்திருக்கும்.

விழுது ஊன்றும் குடும்பம்

இதுவரை கூறிய மரம் தந்தை எண்ணை மட்டும் கொண்டு கட்டியது. தாய் எண்ணையும் சேர்த்தால் என்ன ஆகும்? 5-ஆம் எண் முருகையா தம் அத்தை மகளாகிய 7-ஆம் எண் வள்ளியை மணந்தவர். அவர்கள் மகன் 8-ஆம் எண் கந்தசாமி. இப்பிள்ளையிலிருந்து வேருக்குச் செல்லும் வழிகள் இரண்டு: தந்தை வழியே 5, 2, 1, தாய் வழியே 7, 4, 1. கணு ஒன்றுக்கு மேலே ஒரு கணுவே என்னும் விதி இங்கே உடைகின்றது.

உறவுக்குள் மணம் செய்யும் வழக்கம் உள்ள குடும்பம் கணிதத்தின்படி மரமாகாது. ஆனால் 'ஆல்போல் தழைத்து' என்று நம் முன்னோர் வாழ்த்தியதை எண்ணுக. ஆலமரத்தின் கிளையிலிருந்து இறங்கும் விழுது மண்ணில் ஊன்றி, தானும் ஓர் அடிமரம் போல் அக்கிளையைத் தாங்குகின்றது. நம் குடும்பமும் அத்தகையதே. ஆகவே தந்தை எண்ணால் மரத்தைக் கட்டி, தாய் எண்ணை விழுதாக வைத்துக்கொள்ளுதல் தக்கது. வள்ளியின் பெயரண்டை '8-ஐ 5-இன் கீழ்க் காண்க' என்று அச்சிடச் செய்யலாம். ஒருவரே இருமுறை எண்ணப்படார், உறவும் விட்டுப்போகாது.

தாய் எண்ணை எழுதாவிடில் இழப்பது சிறிதன்று. முறை என்பது அதில்தான் இருக்கின்றது. 5, 6 ஆகிய இருவரிடமிருந்தும் மேலே ஏறிச் சென்றால், இருவழிகளும் இரண்டாம் படியில் 1 என்னும் எண்ணில் கூடுகின்றன. அதற்கு ஒருபடி கீழே நிற்பவர் கந்தசாமியும் இராமசாமியும். இருவரும் ஆண்கள், உடன்பிறந்தோர். எனவே இவ்விரு முருகையாக்களும் பங்காளிகள். அண்ணன் தம்பி முறையினர். 6, 7 ஆகியோரிடமிருந்து ஏறினாலும் 1-இலேயே கூடுகின்றன. ஆனால் அதன் கீழே நிற்பவர் இராமசாமியும் அவர் தங்கை மீனாட்சியும். ஆகவே வள்ளி அவருக்கு அத்தை மகள், முறையுள்ளவர். ஊரில் பாட்டி நொடியில் சொல்லும் இதனை, வெளியூரில் வளர்ந்த பிள்ளை பேரேட்டைக் கொண்டுதான் அறியவேண்டும். பெண்மக்களின் பெயரை விட்டுவிட்டு ஆண்வழியை மட்டும் எழுதிய பழைய கொடிவழிகள் இக்கேள்விக்கு விடை கூறா.

செய்யவேண்டியது

அரித்துவாரத்தில் பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடும்ப ஏடுகளைக் காத்துவருவதை வடநாட்டில் வாழும் அன்பர்கள் அறிவர். யாத்திரை வருவோர் தம் முன்னோர் பெயரைக் கண்டு, தம் வீட்டுப் பிறப்பையும் இறப்பையும் சேர்த்து எழுதுவித்துச் செல்கின்றனர். வந்தவர் ஒரு வரி சேர்த்துச் செல்லும் அவ்வழக்கம் நம் வீட்டிலும் வேண்டும். கோடுபோட்ட நோட்டுப் புத்தகமே தொடக்கத்துக்குப் போதும்; வரிகள் சேர்ந்தபின் கணிப்பொறி அட்டவணையில் ஏற்றிக்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கையும் கூறுதல் கடமை. பிறந்த நாள், தாயாரின் பெயர் முதலியவற்றைக் கேட்டே வங்கிகள் பலகால் ஆளை அடையாளம் காண்கின்றன. ஆகவே உயிரோடு இருப்போர் பற்றிய விவரங்களை இணையத்தில் எவரும் காணுமாறு இடவேண்டா. பேரேட்டின் படிகள் குடும்பத்தாரிடம் மட்டும், இரண்டு மூன்று வீடுகளில் இருக்கட்டும்.

நிரல் எழுதும் பிள்ளைகள் எப்போதும் கிடைப்பர். இவ்வாண்டு இயலாவிடினும் மறு ஆண்டு எழுதிக்கொள்ளலாம். 0 என்று நிற்கும் இடத்தில் எண் இடத்தக்க முதியோர் அவ்வாறு காத்திரார். கோடை விடுமுறைக்கோ பொங்கலுக்கோ ஊருக்குச் செல்லும் அன்பர்கள், நோட்டுப் புத்தகத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு செல்க. வீட்டில் மூத்தவர் எவரோ அவரிடம் அமர்ந்து, 'உங்கள் அப்பா பெயர் என்ன? அவருடைய உடன்பிறந்தார் யார் யார்? அவர்களில் பெண்களை எந்த ஊரில் கொடுத்தார்கள்?' என்று இம்மூன்றைக் கேட்டு எழுதுக.